ஒரே விகித வரி வந்தால் தலைவலி தீருமா?

மாம்பலத்தான்
ஞாயிற்றுக்கிழமை மாலை என் அக்கா மகன் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். சிறுசேரியில் வேலை, ஆண்டுக்கு ஒன்பது லட்சம் சம்பளம். "பன்னிரண்டு லட்சம் வரை வரியே இல்லை என்றார்களே மாமா, எனக்கு மட்டும் ஏன் 1,750 ரூபாய் கேட்கிறது?" என்றான். அரை மணி நேரம் துருவிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நண்பர்கள் பேச்சைக் கேட்டுச் சில பங்குகளை வாங்கி, நான்கே மாதத்தில் விற்றிருக்கிறான். லாபம் 8,400 ரூபாய். ஓராண்டுக்குள் விற்றால் அந்த லாபத்துக்கு 20 சதவீத வரி. பன்னிரண்டு லட்சம் வரையிலான தள்ளுபடி இந்த லாபத்தைத் தொடாது. 1,680 ரூபாய் வரி, அதன் மேல் 4 சதவீத செஸ், பத்தின் மடங்குக்கு முழுமையாக்கினால் 1,750.

பணம் போனால் போகட்டும். 'சகஜ்' என்று பெயர் வைத்த எளிய படிவத்தில் இதைக் காட்ட முடியாது, ஐ.டி.ஆர்.-2 என்ற பெரிய படிவம் போட வேண்டும். வாங்கிய தேதி, விற்ற தேதி, வாங்கிய விலை, தரகுக் கூலி என்று இரண்டரை மணி நேரம் ஓடியது. வீட்டில் போட்டுக்கொடுத்த வாழைக்காய் பஜ்ஜி ஆறிப்போய்விட்டது. கடைசியில் அவன் கேட்டான்: "ஏழைக்கும் பணக்காரனுக்கும் சேர்த்து ஒரே விகிதம், பதினைந்து சதவீதம் என்று வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஒரே விகித வரியா, இருக்கிற சட்டத்தையே எளிமையாக்குவதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் கணக்கர்
ஆடிட்டர் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குப்பை கொட்டுகிறேன். உங்கள் மருமகனிடம் ஒன்று கேளுங்கள். அவனுடைய 8,400 ரூபாய் லாபத்துக்கு எத்தனை அடுக்கு, அதாவது ஸ்லாப்? ஒன்றுகூட இல்லை. எவன் விற்றாலும் 20 சதவீதம்தான். அவன் ஆசைப்படுகிற ஒரே விகித வரி அவன் கையிலேயே இருந்தது. இரண்டரை மணி நேரத்தைத் தின்றதும் அதுதான்.

சம்பளத்துக்கு ஏழு அடுக்கு இருக்கிறதே, அதற்கு எவ்வளவு நேரம் ஆனது? ஒரு நொடிகூட ஆகியிருக்காது. அடுக்குக் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பெருக்கல். கணினிகூட வேண்டாம், என் முதலாளி மனக்கணக்காகவே போடுவார். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எது வருமானம், யாருடைய வருமானம், எந்த ஆண்டு வருமானம், எந்தத் தலைப்பில் போடுவது, எதைக் கழிக்கலாம்? சட்டத்தின் பக்கங்களை நிரப்புவது இந்தக் கேள்விகள்தாம். அடுக்கு அட்டவணை கால் பக்கம்.

நிறுவனங்களைப் பாருங்கள். சலுகைகளை விட்டுக்கொடுத்தால் 22 சதவீதம் என்று 2019 இல் ஒரே விகிதம் வந்தது. அதைத் தேர்ந்தெடுத்த எந்த நிறுவனமும் தன் ஆடிட்டரை வீட்டுக்கு அனுப்பியதாக நான் கேள்விப்படவில்லை.

கேளம்பாக்கம் கணினிக்காரன்
கணக்கர் சார் அடுக்குகளுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டார். என் கதையைக் கேட்டுவிட்டு மறுபடி சொல்லட்டும்.

என் சம்பளம் 12.50 லட்சம். சம்பளக்காரருக்குப் பொதுவாகக் கிடைக்கும் நிலையான கழிவு 75,000 போனால் 11.75 லட்சம். வரி பூஜ்யம். 2025 ஏப்ரலில் மேலாளர் அறைக்குள் கூப்பிட்டுக் கைகுலுக்கி, 60,000 ரூபாய் ஊதிய உயர்வுக் கடிதம் கொடுத்தார். இனிப்பெல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சம்பளம் 13.10 லட்சம், கழிவு போக 12.35 லட்சம். அடுக்குப்படி போட்டால் வரி 65,250. பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி வரக்கூடாது என்று ஒரு நிவாரணம் இருப்பதால் அது 35,000 ஆகக் குறைகிறது. செஸ் சேர்த்து 36,400. அறுபதாயிரத்தில் எனக்கு மிஞ்சியது 23,600.

இதில் வேடிக்கையைப் பாருங்கள். பன்னிரண்டு லட்சத்திலிருந்து ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் வரை, கூடுதலாகச் சம்பாதிக்கிற ஒவ்வொரு ரூபாயும் அப்படியே வரிக்குப் போகிறது. செஸ்ஸையும் சேர்த்தால் நூறு ரூபாய் உயர்வுக்கு நூற்று நான்கு ரூபாய் வரி! 12.10 லட்சம் வருமானம் உள்ளவர் கையில் நிற்பது 11,99,600. பன்னிரண்டு லட்சத்தோடு நிறுத்திக்கொண்டவர் கையில் முழுப் பன்னிரண்டு லட்சம். அட்டவணையில் எங்கே தேடினாலும் 104 சதவீதம் என்ற அடுக்கு கிடையாது. ஆனால் நான் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எஸ்தோனியா 1994 இல் ஒரே விகிதத்துக்குப் போனது. அப்போது 26, இப்போது 22. பல்கேரியாவில் 2008 முதல் 10 சதவீதம். அவர்களால் முடிவது நம்மால் முடியாதா?

திருவல்லிக்கேணி ஓய்வூதியர்
தம்பி, 104 சதவீதத்துக்கே இப்படிக் கொதிக்கிறீர்களே, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தைச் சொல்கிறேன். 1973-74 இல் பதினொரு அடுக்குகள். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 85 சதவீதம், அந்த வரியின் மேல் 15 சதவீத சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி. ஆக 97.75. நூறு ரூபாயில் முதலாளிக்கு நிற்பது இரண்டேகால் ரூபாய். அந்த இரண்டேகால் ரூபாய்க்காக எவன் உண்மைக் கணக்கு காட்டுவான்? நான் இருந்த தம்புச் செட்டித் தெரு அலுவலகத்தில் இரண்டு பேரேடுகள் இருந்தன. ஒன்று மேசை மேல், இன்னொன்று எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

1997 இல் நம் சிவகங்கைக்காரர் சிதம்பரம் 15, 30, 40 என்று இருந்த மூன்று விகிதங்களையும் 10, 20, 30 என்று குறைத்தார். அதன் பிறகுதான் மேசை மேல் இருந்த பேரேடு கொஞ்சம் தடித்தது. ஆகவே விகிதங்களுக்கும் நேர்மைக்கும் தொடர்பே இல்லை என்று கணக்கர் சொல்ல வந்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அன்றைக்கு உதவியது மேல்விகிதம் இறங்கியதுதான். அடுக்கு ஒன்றா மூன்றா என்பதில் பெரிய சங்கதி இல்லை.

அடையாறு ஆசிரியை
கல்லூரியில் பொருளாதாரம் எடுக்கிறேன். பதினைந்து சதவீதம் என்று தம்பி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான், போட்டுப் பார்த்துவிடுவோம். இப்போது போல முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் எல்லாருக்கும் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். செஸ், சர்சார்ஜ் எதையும் சேர்க்கவில்லை.

வரிக்குரிய வருமானம் 12 லட்சம் உள்ளவர் இன்று கட்டுவது பூஜ்யம், அப்போது கட்டுவது 1,20,000. 15 லட்சம் உள்ளவர் இன்று 1,05,000 கட்டுகிறார், அப்போது 1,65,000. அரைக் கோடி உள்ளவர் இன்று 10,80,000, அப்போது 6,90,000. உங்கள் மருமகனின் மேலாளருடைய மேலாளருக்கு ஆண்டுக்கு 3,90,000 மிச்சம். மருமகனுக்கோ, நிலையான கழிவு போக நிற்கும் எட்டேகால் லட்சத்தில் நான்கு போக மிச்சத்துக்கு 15 சதவீதம், 63,750. அந்த 1,750 ரூபாய்க்காகத்தான் இத்தனை பேச்சும் தொடங்கியது என்பதை அவனுக்கு நினைவூட்டுங்கள்.

கேளம்பாக்கம் கணினிக்காரன்
அம்மா, பதினைந்து என்பது சிறுவன் சொன்ன எண். நான் சொல்வதைப் போட்டுப் பாருங்கள். 12 லட்சம் வரை எவருக்கும் வரி இல்லை, கோடீசுவரருக்கும் சேர்த்துத்தான். அதற்கு மேல் 28 சதவீதம். தள்ளுபடி, நிவாரணம் எதுவும் வேண்டாம். 15 லட்சம் உள்ளவர் 84,000 கட்டுவார், இன்றைவிடக் குறைவு. அரைக் கோடி உள்ளவர் 10,64,000, இன்றையதைவிடப் பதினாறாயிரம்தான் குறைவு. சம்பளம் ஏறியும் கையில் குறைகிற என் பள்ளமும் மூடிவிடும். 12.35 லட்சத்துக்கு நான் 9,800 கட்டிவிட்டுப் போவேன்.

அடையாறு ஆசிரியை
நல்ல கணக்கு. இதை வகுப்பில் பயன்படுத்திக்கொள்கிறேன். பள்ளம் மூடுவது உண்மைதான், அதை மறுக்க மாட்டேன். விலக்கு வரம்பு உயரமாக இருந்தால் ஒரே விகிதத்திலும் பணக்காரர் கூடுதல் பங்கு கட்டுவார். ஆனால் 24 லட்சம் உள்ளவரை விட்டுவிட்டீர்களே. இன்று 3,00,000 கட்டுகிறார், உங்கள் முறையில் 3,36,000. 20 லட்சம் உள்ளவருக்கு 24,000 ஏறுகிறது. ஒரு கோடி உள்ளவருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் இறங்குகிறது. நடுவில் நிற்பவர் தோளில் ஏறித்தான் உங்கள் பள்ளத்தை மூட வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, இது ஒரே விகிதமும் இல்லை. பூஜ்யம் ஒன்று, இருபத்தெட்டு ஒன்று. இரண்டு அடுக்கு. அடுக்கே கூடாது என்று ஆரம்பித்து இரண்டில் வந்து நிற்கிறோம். இரண்டு இருக்கலாம் என்றால் நான்கு ஏன் கூடாது?

கொத்தவால் சாவடி வணிகன்
எல்லாரும் சம்பளக்காரர்கள் போலிருக்கிறது. கடைக்காரன் ஒருவன் பேசலாமா?

எங்களுக்கு ஒரே விகிதம் எப்போதோ வந்துவிட்டது. சிறு வணிகர்கள் விற்றுமுதலில் 8 சதவீதத்தை லாபம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். வங்கி வழியாகவோ கைப்பேசி வழியாகவோ வந்த பணத்துக்கு 6 சதவீதம் போதும். கணக்குப் புத்தகம் வேண்டாம், தணிக்கை வேண்டாம். எனக்குப் பாத்திர வியாபாரம், ஆண்டுக்கு 90 லட்சம், ஏறக்குறைய எல்லாமே இப்போது கைப்பேசியில்தான் வருகிறது. அதில் 6 சதவீதம் 5,40,000. தள்ளுபடியில் வரி பூஜ்யம். படிவம் போட ஒரு காபி நேரம் ஆகும். இதைவிட எளிமை உலகத்தில் இல்லை என்று நானும் மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வியாசர்பாடி கிடங்கில் இடுப்பளவு தண்ணீர். அட்டைப்பெட்டிகள் எல்லாம் கூழ். குக்கர்களைத் துடைத்து எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கைப்பிடி திருகாணி ஒவ்வொன்றிலும் துரு, மூடி ரப்பரில் சேறு. பாதி விலைக்குத் தள்ளினேன், மீதி எடைக்குப் போனது. அந்த ஆண்டு எனக்கு நட்டம். ஆனால் எளிமையான முறைக்கு நட்டம் தெரியாது. விற்றாயா, ஆறு சதவீதம் லாபம் வந்தது, அவ்வளவுதான். இல்லை, உண்மையைக் காட்டுகிறேன் என்றால் கணக்குப் புத்தகம் எல்லாம் வரும். அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு இந்த வசதியும் போய்விடும். பேசாமல் வராத லாபத்தை வந்ததாக எழுதிக் கொடுத்தேன்.

எளிமை வேண்டும் என்பவர்கள் இதையும் ஒரு ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எளிமையான சட்டம் உங்கள் கதையைக் கேட்காது.

மாம்பலத்தான்
வணிகன் அண்ணா சொன்னதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கதையைக் கேட்கிற சட்டம் வேண்டுமானால் பக்கங்கள் கூடத்தான் செய்யும்.

தாம்பரம் பயணி
கதை கேட்கும் சட்டத்தின் லட்சணத்தைச் சொல்கிறேன். நான் இன்னும் கழிவுகள் உள்ள பழைய வரி முறையில்தான் இருக்கிறேன், வாடகைப் படிக்காக. 1962 விதிகளில் மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா, டெல்லி என்று நான்கு ஊர்கள். அங்கே குடியிருந்தால் சம்பளத்தில் பாதி வரை கணக்கில் வரும், மற்ற ஊர் என்றால் 40 சதவீதம். நான் இருப்பது தாம்பரம். மின்சார ரயிலில் ஏறிக் கடற்கரை வரை போகிறேன், வெளியூர்க்காரர்களிடம் சென்னை என்றுதான் சொல்கிறேன். ஆனால் 2021 முதல் தாம்பரம் தனி மாநகராட்சி, மாவட்டமோ செங்கல்பட்டு. எனக்குப் பாதியா, நாற்பதா? அலுவலகத்தில் இரண்டு பேர் இரண்டு பதில் சொன்னார்கள். கடைசியில் நாற்பது என்றே போட்டேன், வம்பு வேண்டாம் என்று.

அதோடு போயிற்றா? ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். கேட்டேன். வீட்டுக்கார அம்மா கதவருகே நின்று முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நின்றது. "பான் கீன் எல்லாம் கேட்பதாக இருந்தால் வேறு வீடு பார்த்துக்கொள் தம்பி" என்றார். முறம் மறுபடி ஓடியது. பேச்சு முடிந்தது.

பெரம்பூர் கணக்கர்
பயணி சொன்ன முறம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு மார்ச்சிலும் எங்கள் அலுவலகத்துக்கு அதன் ஓசை வரும்.

கழிவு என்பதும் சலுகை என்பதும் ஒருவருக்கு உண்மையான தேவை, பத்துப் பேருக்குத் தூண்டில். சட்டத்தின் 80சி பிரிவு என்ற ஒரே பையில் ஆயுள் காப்பீடு, வருங்கால வைப்பு நிதி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடன் அசல், பத்திரப் பதிவுச் செலவு எல்லாவற்றையும் திணித்து, ஒன்றரை லட்சத்தில் வாயைக் கட்டினார்கள். அந்த ஒன்றரை லட்சத்தை நிரப்புவதற்காகவே தேவையில்லாத பாலிசிகளை எடுத்துவிட்டுப் பதினைந்து ஆண்டுகள் பிரீமியம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

2020 இல் வந்த புதிய முறை இந்தக் கழிவுகளில் பெரும்பாலானவற்றை வெட்டி விகிதத்தைக் குறைத்தது. எளிமையாக்குவது என்றால் அதுதான், நான் அதை வரவேற்றேன். ஆனால் பழையதை மூடவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. எது லாபம் என்று தெரிய இரண்டிலும் கணக்குப் போட வேண்டும். மாநகராட்சிக்குக் கட்டும் தொழில் வரியைப் பழைய முறையில் கழிக்கலாம், புதியதில் முடியாது. எளிமைக்காகக் கொண்டுவந்ததால் எங்கள் வேலை இரட்டித்துவிட்டது. சம்பளக்காரர் ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். வணிக வருமானம் உள்ளவர் பழையதுக்குப் போய்த் திரும்பினால் அத்தோடு சரி, மறுபடி பழையதுக்குப் போக முடியாது. இதை விளக்கிச் சொல்வதற்குள் வாடிக்கையாளரின் காபி ஆறிவிடும்.

ஒரே விகிதத்தின் ஆயுளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரஷ்யா 2001 இல் 13 சதவீதம் என்று வைத்தது. உலகமே கைதட்டியது. 2021 இல் மேலே 15 என்று ஒரு படி கட்டினார்கள். 2025 முதல் 13 தொடங்கி 22 வரை ஐந்து படிகள். சுலோவாக்கியா 2004 இல் 19 என்று ஆரம்பித்து 2013 இல் விட்டுவிட்டது. கஜானாவில் கை அடியைத் தொடும்போது எந்த அரசும் ஒரு படி கட்டத்தான் பார்க்கும். எஸ்தோனியா நிலைத்து நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே ஐந்து நிமிடத்தில் வேலை முடிவதற்கு 22 என்ற எண்ணா காரணம்? படிவத்தை அரசே நிரப்பி வைக்கிறது. குடிமகன் பார்த்துவிட்டுச் சரி என்கிறான். நமக்கும் வட்டி, ஈவுத்தொகை, பங்கு விற்ற தொகை எல்லாம் வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் வந்து விழுகின்றன. வாங்கிய விலையும் அப்படியே பிழையில்லாமல் வந்து விழுந்திருந்தால் மாம்பலத்தாரின் பஜ்ஜி ஆறியிருக்காது. விகிதத்தைத் தொடவே வேண்டியதில்லை.

கணினிக்காரத் தம்பியின் பள்ளம் மட்டும் நிஜம். தள்ளுபடி என்ற பெயரில் விலக்கு கொடுக்கிற வரையில் அந்தப் பள்ளம் இருக்கும். விலக்கை நேராகவே அடுக்கில் வைத்திருக்கலாம். அப்படி வைத்தால் மேலே உள்ளவர்களுக்கும் அது கிடைக்கும், வசூல் குறையும். அதனால்தான் இந்தச் சுற்றுவழி. இதில் அவர் பக்கம் நியாயம்.

திருவல்லிக்கேணி ஓய்வூதியர்
புதிய வருமான வரிச் சட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 1961 சட்டத்தில் 819 பிரிவுகள் இருந்தன, 2025 சட்டத்தில் 536. சொற்களும் ஏறக்குறைய பாதியாகிவிட்டன. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்று நாற்பது ஆண்டுகள் என்னைக் குழப்பிய இரண்டும் போய், 'வரி ஆண்டு' என்று ஒன்றே வருகிறது. இது ஒன்றுக்காகவே எழுதியவர்களுக்கு ஒரு கும்பிடு போடுவேன்.

பெரம்பூர் கணக்கர்
ஐயா, கும்பிடு போடலாம். ஆனால் இப்போது நாம் தாக்கல் செய்வது 2025-26 வருமானத்துக்கு. அதற்குப் பழைய சட்டம்தான். சொற்கள் பாதியானதும் நல்லதுதான், படிக்கலாம். விகிதங்கள், மூலதன லாபத் தலைப்பு, பழைய முறை, புதிய முறை, எங்கள் தம்பியின் பள்ளம் எல்லாம் புதிய வீட்டுக்கும் மூட்டை கட்டிக்கொண்டு வருகின்றன. வெள்ளையடித்திருக்கிறார்கள், சுவர் இடித்ததாகத் தெரியவில்லை.

கேளம்பாக்கம் கணினிக்காரன்
பள்ளத்தை ஒப்புக்கொண்டதற்கு நன்றி சார். ரஷ்யக் கதை எனக்குத் தெரியாது. ஒரே விகிதம் என்பதை விட்டுவிடுகிறேன், 28 என்பதையும். தள்ளுபடியை அடுக்குக்குள் கொண்டுவாருங்கள், பழைய முறையை ஒரு தேதி குறித்து மூடுங்கள். இந்த இரண்டும் நடந்தால் ஏழு அடுக்கு இருந்தாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

தாம்பரம் பயணி
பழைய முறையை மூடுவதா? என் வாடகைப் படிக்கு வழி?

கேளம்பாக்கம் கணினிக்காரன்
வீட்டுக்கார அம்மாவிடம் பான் எண் கேட்க வேண்டியிருக்காதே அண்ணா.

மாம்பலத்தான்
எல்லாருக்கும் நன்றி. மருமகனுக்கு இவ்வளவையும் படித்துக் காட்டினேன். பணத்தைக் கட்டி, ஆதார் கடவு எண் போட்டுச் சரிபார்த்து முடித்துவிட்டான். ஆசிரியை அம்மா போட்ட 63,750 கணக்கைப் பார்த்ததும் ஒரே விகித ஆசை போய்விட்டது. ஆனால் எழுந்து போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "மாமா, ஏப்ரலுக்குப் பிறகும் கொஞ்சம் விற்றேன். லாபம் இல்லை, 3,100 நட்டம். நட்டத்துக்குக் கணக்கு காட்ட வேண்டியதில்லைதானே?"

பெரம்பூர் கணக்கர்
காட்டச் சொல்லுங்கள். எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் சென்று பின்னால் வரும் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு கெடுவுக்குள் தாக்கல் செய்தால்தான் அதுவும். சகஜ் படிவத்தில் முடியாது. பஜ்ஜி போடும்போது எனக்கும் சொல்லியனுப்புங்கள்.